பத்துன்னு கேட்ட செல்வியக்கா

அரிசி மில்லுல எனக்கு அரிசி அரைக்கிற வேலை இல்லைங்க, இல்லாத அரிசியை ஃபோன்லயே பங்கு போடுற வேலை.

நீடாமங்கலம் பக்கம் சின்ன மில்லு. குடோன்ல எத்தனை சிப்பம், அதான் அரிசி மூட்டை, கெடக்கு, தொட்டியில எந்த நெல்லு ஊறுது, களத்துல எது காயுது, யாரு எவ்வளவு கேக்குறாங்க, எல்லாம் என் தலையிலதான். நீங்க எந்த யாவாரத்துல இருந்தாலும் சரி, கேக்குறவனுக்கும் கொடுக்குறவனுக்கும் நடுவுல ஃபோனும் கையுமா நிக்கிற ஆளா இருந்தா வாங்க, இப்படி பக்கத்துல உக்காருங்க.

எனக்கு முக்கியமா மூணு பேரு. தஞ்சாவூர்ல ஒரு ஹாஸ்டல் மெஸ் மேனேஜர். கூத்தாநல்லூர்ல அரிசிக்கடை பாய். உள்ளூர்ல இட்லி மாவு அரைக்கிற செல்வியக்கா. மேனேஜருக்கும் பாய்க்கும் நாங்க இல்லைன்னா நாலு மில்லு இருக்கு. செல்வியக்காவுக்கு நாங்க மட்டும்தான், வாரம் பத்து சிப்பத்துக்கு வேற எவன் வண்டி விடுவான்? ரெண்டு பெரிய கிரைண்டர் வச்சு மூணு டிபன் கடைக்கு தெனம் மாவு கொடுக்குறாங்க. ரெண்டு நாள் தப்பினா கடைக்காரங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. இதை மனசுல வச்சுக்கங்க. நான்தான் வச்சுக்கலை.

கேட்டதையே அனுப்பின கதை

எங்க தொழில்ல யாரும் வேணுங்கறதைக் கேக்க மாட்டாங்க. இருபத்தஞ்சு வேணும்னா அம்பது கேப்பாங்க, ஏன்னா மில்லுல பாதிதான் தருவாங்கன்னு தெரியும். மில்லுல பாதிதான் தருவோம், ஏன்னா ரெண்டு மடங்கா கேப்பாங்கன்னு தெரியும். இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத கணக்கு.

வேலைக்கு சேந்த புதுசுல எனக்கு இந்த சூட்சுமம் தெரியாது. பாய் ஃபோன் போட்டு, தொண்டையை ஒரு செருமு செருமி (அந்த செருமல் எனக்கு அச்சு அசலா வரும், நேர்ல வந்தா செஞ்சு காட்டுறேன்), "அம்பது இல்லாம வண்டியை எடுக்காத தம்பி"ன்னார். நானும் பயந்துபோயி அம்பதையும் ஏத்தி அனுப்பிட்டேன். கடைக்குள்ள எடம் பத்தாம கல்லா வரைக்கும் அடுக்கி, அதுக்கு மேல ஏறி உக்காந்து பாய் யாவாரம் பாத்திருக்கார். மறுநாளு ஃபோன் வந்துச்சு. "கேட்டா கேட்டதையே அனுப்புவியா? உனக்கு யாருப்பா இந்த வேலையைக் கொடுத்தது?"

மொதலாளி குரல்

அன்னையிலேருந்து ஃபோன் போட்டுக் கேக்குற எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு பாதிதான், செல்வியக்காவோட வாரப் பத்து மட்டும் மொதலாளி கணக்குல தானா போயிக்கிட்டிருந்துச்சு. நல்ல பேரு வந்துச்சு. திமிரும் கூடவே வந்துச்சு.

ஐப்பசி ஆரம்பம். தொட்டியில குண்டு நெல்லு கொட்டணும்னு மொதலாளி சொல்லிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார். குண்டு நெல்லுதான் இட்லி அரிசிக்கு. அந்த நேரம் பாத்து மெஸ் மேனேஜர் சன்ன அரிசி கேட்டு உயிரை எடுக்குறார். நெல்லு அவிக்கிற அருளப்பன் அண்ணன்கிட்ட, "குண்டு அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணே, சன்னத்தைக் கொட்டுங்க"ன்னேன். "மொதலாளி வாயால வரட்டும்"ன்னுட்டார். வந்துச்சு. ஆபீஸ் ரூம் கதவை சாத்திக்கிட்டு, கல்யாணத்துலேருந்து திரும்பிட்ட மாதிரி மொதலாளி குரல்ல உள்ளேருந்து ஒரு சத்தம் கொடுத்தேன். சன்னம் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு. அது ஊறி, வெந்து, காஞ்சு, அரைச்சு தஞ்சாவூருக்கு வண்டி ஏறின மறுநாளு மழை புடிச்சுது பாருங்க, களத்துல தண்ணி நிக்குது. இனி எந்த நெல்லைப் போட்டாலும் காய எடமில்லை. குடோன்ல இட்லி அரிசி மொத்தமே முப்பது சிப்பம்.

விஷயம் தெரிஞ்சப்ப அருளப்பன் அண்ணன் கோவிச்சுக்கலை. பீடியைப் பத்த வச்சுக்கிட்டே சொன்னார். "மொதலாளி கூப்புட்டா எம்பேருக்கு முன்னாடி ஒரு கெட்ட வார்த்தை வரும். அன்னைக்கு வரலை. பாவம், மனுசனுக்கு ஒடம்பு சரியில்லை போலன்னு நெனச்சேன்."

முப்பதைப் பங்கு போட்டது

அந்த மழையில பாய் இட்லி அரிசி அம்பது கேட்டார். மழையில வண்டி வருமோ வராதோன்னு செல்வியக்காவும் மொத தடவையா ஃபோன் போட்டு பத்து கேட்டாங்க. எனக்கென்ன கஷ்டம்? அவருக்கு இருபத்தஞ்சு, இவங்களுக்கு அஞ்சு, முப்பதும் சரியாப் போச்சு. என்னை நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

செல்வியக்கா ஃபோன் பண்ணினாங்க. "தம்பி, அஞ்சுதான் வந்திருக்கு." நான் பாய் மாதிரி செருமிட்டு, "மழை விடட்டும் அக்கா, பாத்துக்கலாம்"ன்னேன். சிரிச்சாங்க. நானும் வச்சுட்டேன். அஞ்சு வேணும்னுதான் பத்து கேட்டிருக்காங்கன்னு நெனப்பு. மூணு நாளுல அரிசி தீந்துடுச்சு. கடைத்தெருவுல கெடச்ச அரிசியை வாங்கி அரைச்சிருக்காங்க, இட்லி கல்லு மாதிரி வந்திருக்கு. ஒரு டிபன் கடை வாளியோட திருப்பி அனுப்பிடுச்சு. அடுத்த கடை நாளையிலேருந்து வேணாம்னுடுச்சு. மூணாவது கடை சொல்லக்கூட இல்லை, போயிப் பாத்தா வேற ஆளோட மாவு எறங்குது.

இதெல்லாம் பாய்கிட்ட சொன்னப்ப அவர் கடையில நம்ம சிப்பம் பன்னெண்டு பிரிக்காம நிக்குது. மழையில வாங்க ஆளில்லையாம். செருமாமலே சொன்னார். "ஒரு ஃபோன் போட்டிருந்தா கொடுத்திருப்பேனே தம்பி. இங்க சும்மாதானே கெடந்துச்சு."

வெயில் வந்த பெறகு

களம் காஞ்சதும் குண்டு நெல்லை அவிச்சு அரைச்சு, மொத வேலையா பத்து சிப்பத்தை வண்டியில ஏத்திக்கிட்டு நானே போனேன். செல்வியக்கா கிரைண்டரைக் கழுவிக்கிட்டிருந்தாங்க. மாவு அரைக்கிறதுக்கு இல்லை, அதை ஒருத்தர் வெலைக்கு வாங்கிட்டுப் போக வர்றாராம். இன்னொண்ணு மொத நாளே போயிடுச்சு, அது இருந்த எடம் மட்டும் தரையில வெள்ளையா தெரியுது.

எனக்கு சும்மா இருக்க வராது. மொதலாளி குரல்ல, "என்னம்மா, கணக்கா பத்து வந்திருக்கு, எண்ணிப் பாத்துக்க"ன்னேன். எப்பவும் இதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அன்னைக்கு கையைத் தொடைச்சுக்கிட்டே வண்டியைப் பாத்தாங்க. கோவம் இல்லைங்க, இருந்திருந்தா தேவலை. "பத்து வேணும்னா இருபது கேக்கணும்னு எனக்குத் தெரியாது தம்பி. நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

இப்பல்லாம் யாரு எத்தனை சிப்பம் கேட்டாலும் "நெசமா எவ்வளவு வேணும்?"னு ஒரு தடவை கேட்டுக்குறேன், எல்லாரும் "நெசமாத்தான்பா"ன்னு சொல்றாங்க, நானும் பாதியே அனுப்புறேன்.