முள்ளைப் பார்த்து எழுதியவன்

அழகனுக்கு இன்று ஹட்டனில் மாஸ்டர் என்று பெயர். ரசாயன அறையில் அவன் குரல் கேட்டால் பியூரெட் குழாயில் நிற்கிற அமிலமே நடுங்கும் என்று அவனிடம் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். 1958இல் அவனே நடுங்கியதைப் பக்கத்து மேசையருகே நின்று பார்த்தவன் நான்.

நான் ரிஸ்வி. எங்கள் வாப்பாவுக்கு ஹட்டனில் பலசரக்குக் கடை. அழகன் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா காளியாயி கொழுந்து பறித்து அவனைப் படிக்கவைத்தார். பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு இருவரும் ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகவே கோட்டை விட்டோம். எனக்கு முக்கால்வாசிப் பாடமும் போயிற்று. அவனுக்கு ரசாயனச் செய்முறை மட்டும்.

அவன் செய்த தப்பு என்ன தெரியுமா? அளந்து ஊற்றுகிற பிப்பெட் குழாயின் நுனியில் கடைசியாக ஒரு துளி தங்கும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தத் துளியைக் கழித்துத்தான் குழாயில் அளவுக்கோடே போட்டிருக்கிறார்கள். இவனோ ஒவ்வொரு தடவையும் அதை ஊதி இறக்கியிருக்கிறான்! ஒரு கொழுந்து கீழே விழுந்தாலும் குனிந்து பொறுக்கிக் கூடையில் போடுகிற வீட்டுப் பிள்ளை. "வீணாப் போகுதேன்னு ஊதிட்டேன் மச்சான்" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடத்துக்கு அவன் படித்தது படிப்பில்லை, தவம். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து எங்கள் கடைக்கு வருவான். போத்தலில் தண்ணீர் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து, வளைவின் அடியைப் பார்த்து அளவு படிப்பான். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சரியாகும்வரை தேத்தண்ணியைத் தொடமாட்டான். எண்ணுக்குப் பக்கத்தில் கிராமா, சீசீயா என்று எழுதாமல் நான் விட்டால் என்மேல் எரிந்து விழுவான்.

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை செல்லசாமி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "வளந்த ஆம்பள சும்மா லயத்துக் காம்பராவுல இருக்கக் கூடாது. இந்தத் தடவையும் பாஸாகலேன்னா தோட்டத்து வேலைக்குச் செக்ரோல்ல பேர் பதியணும். இல்லாட்டி காம்பராவ விட்டுப் போகணும்." இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாத குடும்பம், அதனால் அரசாங்க உத்தியோகத்துக்கு வழியே இல்லை. ஹட்டனில் ஒரு தனியார் பாடசாலை மட்டும், ரசாயனம் பாஸானால் வேலை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. அவனுக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

கொழும்பில் பரீட்சை. ஆளுக்குக் கொஞ்சம் சலவைச் சோடாப் பளிங்கு தந்தார்கள். நிறுத்து, கரைத்து, துளித்துளியாக அமிலம் விட்டு, அந்தப் பளிங்கில் நூற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் குஷி தாங்கவில்லை. விடை அறுபத்துமூன்று என்பது புத்தகத்திலேயே இருக்கிறது, எனக்கு மனப்பாடம்.

செய்து பார்த்தால் எனக்கு ஐம்பத்தைந்து வந்தது. நான் ஏன் கவலைப்பட வேண்டும்? அறுபத்துமூன்று வர அமிலம் எத்தனை சீசீ செலவாகியிருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். இருபத்தைந்து. பியூரெட் காட்டிய முப்பதை மறந்துவிட்டு இருபத்தைந்தை அழகாக எழுதிவைத்தேன்.

அழகன் பக்கம் பார்த்தேன். முகத்தில் வேர்வை. அவனுக்கும் முப்பதுதான் வந்திருக்கிறது. மூன்று தடவை செய்தான், மூன்று தடவையும் அதே முப்பது. பேனாவைத் தாளில் வைப்பான், எடுப்பான். மணி அடிக்கிற நேரத்தில் குனிந்து விறுவிறுவென்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

திரும்பும்போது ரயிலில்தான் கேட்டேன். முப்பது என்றே எழுதியிருக்கிறான், விடை ஐம்பத்தைந்து!

"அடப்பாவி, அறுபத்துமூணுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மச்சான். மாத்தி எழுதத்தான் பேனாவ வச்சேன். அம்மா சத்தம் காதுல கேட்டுச்சு."

எனக்குப் புரிந்தது. அந்தத் தோட்டத்தில் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது, செல்லசாமி தராசு முள்ளைப் பார்க்கிறதே இல்லை. ஈரத்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவு என்று முன்கூட்டியே மனதில் இத்தனை றாத்தல் எடை என்று முடிவு செய்து எழுதிவிடுவார். காளியாயி ஒருத்திதான் தினமும் சண்டை பிடிப்பார். "முள்ளைப் பாத்து எழுதுங்கய்யா!"

"பளிங்கு மேல மாவு மாதிரி பூத்திருந்துச்சு" என்றான் அழகன். "பேக்டரி மாடியில கொழுந்த வாட்டப் போட்டா, தண்ணி போயி எடை கொறையும்ல? அந்த மாதிரி இதுலயும் போயிருக்குமோன்னு தோணுச்சு. இப்ப பயமா இருக்கு மச்சான். பேசாம மாத்தியிருக்கலாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கினிகத்தேனை மலைகள் தெரியத் தொடங்கின. நான் அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு ஒரு வடையைத் தின்றேன்.

மூன்று மாதம் கழித்துப் பெறுபேறு பாடசாலைக்கு வந்தது. என் இலக்கம் இல்லை. அவன் இலக்கம் இருந்தது. பாடசாலை ரசாயன மாஸ்டர் விசாரித்துச் சொன்னார்: அந்தப் பளிங்கு மாதக்கணக்கில் திறந்து கிடந்து தண்ணீர் போயிருந்ததாம், பரீட்சகர்கள் அன்று காலையில் அதையே சோதித்து ஐம்பத்தைந்து என்று குறித்து வைத்திருந்தார்களாம். பியூரெட் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நெஞ்சு லேசாக இருந்தது. எனக்கு வாப்பா கடை இருக்கிறது. அவனுக்கு என்ன இருந்தது? உடனே பஸ் ஏறினேன். தோட்டத்தில் இறங்கியபோது கொழுந்து நிறுக்கிற நேரம். காளியாயியின் கூடையை அழகன் தராசுக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். செல்லசாமி கையில் கணக்குப் புத்தகம்.

"மச்சான், பாஸ்!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். "ரசாயனமும் பாஸ்!"

அழகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வரிசையில் நின்ற பெண்கள் ஒரே கூச்சல். செல்லசாமி பேனாவோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அப்ப எம்மகன் பேர செக்ரோல்ல பதிய வேணாம்ல?" என்று அவரிடம் கேட்டார் காளியாயி.

"வேணாம்... எதுக்கு இனிமே? வேணாம்."

காளியாயிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. முந்தானையை எடுத்தவர், சட்டென்று நிறுத்திக் கூடையைக் காட்டினார்.

"மொதல்ல முள்ளைப் பாத்து எழுதுங்க ஐயா. அப்புறம் அழுதுக்குறேன்."

செல்லசாமி குனிந்து, முள்ளைப் பார்த்து எழுதினார்.