லாரிவியேர் கரையிலே

என் மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது முருகனிடம் வாய் விட்டுவிட்டேன். அவள் எழுந்து நடந்தால், நானே கட்டிய பாட்டைப் பாடிக்கொண்டு தைப்பூசத்துக்குப் பால்செம்பு எடுப்பேன் என்று. அவள் எழுந்து நடந்தாள். எனக்கோ பாட்டுக் கட்டவே தெரியாது.

தாத்தா காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த இந்தத் தீவில், செமின் கிரனியே என்ற ஊரில் எங்களுக்கு ஒரு துண்டுக் கரும்பு நிலம் இருந்தது. அதில் களை பிடுங்கிக்கொண்டே முனகிப் பார்த்தேன். ஐந்தே சுரம். ஏறும், நடுவில் கொஞ்சம் நிற்கும், வந்த வழியே இறங்கும். காவடி கிளம்புவது ஆற்றிலிருந்து என்பதால் 'லாரிவியேர் கரையிலே, வேலவா' என்று எடுத்தேன். ஆற்றுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பேர். அது தீவுக்காரர்கள் பேசும் கிரியோல் மொழியின் வார்த்தை என்று அப்போது எனக்குத் தெரியாது. நல்ல தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

கோயிலில் பாட்டு நடத்த இந்தியாவிலிருந்து ஒரு பாகவதர் வந்திருந்தார். பாடிக் காட்டினேன். சிரித்தார்.

"இது சுத்த சாவேரிம்மா. காலங்காலமா இருக்கிற ராகம். இதுல உன்னோடது என்ன இருக்கு? அந்த லாரிவியேர் ஒண்ணுதான். அதுவும் தமிழே இல்ல. காவேரின்னு மாத்திக்கோ."

சாவேரியாம், காவேரியாம். நான் பார்த்தே இராத ஆறு! எரிச்சலோடுதான் திரும்பினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பாட்டு என்னுடையது இல்லையென்றால் வேண்டுதலும் பொய்தானே? கொடுத்த பிள்ளையை முருகன் திருப்பிக் கேட்டால்?

மறுநாள் ஆற்றில் பக்கத்து வீட்டுக் கிரியோல்காரி துணி துவைத்துக்கொண்டே முனகினாள். பாதிக்கு மேல் என் மெட்டு! எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். அவள் அம்மா பாடுவாளாம். அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

எனக்கு அங்கேயே பயம் விட்டது. கட்டுவேன் என்றுதானே முருகனிடம் சொன்னேன்? பூக்கட்டுகிறவளிடம் போய், பூவையும் நீதான் பூத்தாயா என்று யாராவது கேட்பார்களா?

தைப்பூசத்தன்று முழங்கால் தண்ணீரில் எல்லோரும் நின்றோம். பாகவதர் தாளத்தைத் தட்டி எடுத்தார்: 'காவேரிக் கரையிலே, வேலவா...' அதே மெட்டு, அதே ஏற்றம். என்னுடையது ஒன்றும் இல்லை என்று சொன்ன மனிதர், என் ஆற்றை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாடிக்கொண்டிருந்தார். தொண்டை கிழிய 'லாரிவியேர்' என்று பாடினேன். பக்கத்தில் நின்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக அதற்கே வந்துவிட்டார்கள். காவேரியை அவர்களும் பார்த்ததில்லை. கரையில் நின்ற பக்கத்து வீட்டுக் கிரியோல்காரிக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். அது வரும்போதெல்லாம் அவளும் சேர்ந்து கத்தினாள்.

பாகவதர் தாளத்தை நிறுத்தினார். "என்னம்மா இது?"

"நீங்க நிக்கிற தண்ணிக்குப் பேரு, ஐயா."

செம்பைத் தலையில் வைத்தேன். என் மகள் எனக்கு முன்னால் கரையேறி நடந்தாள்.