பழவேற்காட்டில் படகு பேசிய நாள்

எங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சத்தியவேடு பக்கம் எங்களுடையது. அதுவரை செங்கல்பட்டு ஜில்லா என்று எழுதி வந்த தபாலில் இனிமேல் சித்தூர் ஜில்லா என்று எழுத வேண்டும் என்றார்கள். நான் பிறந்த ஊரோ பொன்னேரிக்கு மேற்கே. அது மெட்ராஸ் ராஜ்யத்திலேயே நின்றுவிட்டது. வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதம் ஆவதற்குள் அம்மா வீடு வேறு ராஜ்யம். கல்யாணத்தின்போது இதை யாரும் சொல்லவில்லை.

அந்தப் புரட்டாசியில் மாமனார் வீட்டார் எல்லோருமாகப் பழவேற்காட்டு ஏரிக்குப் போனோம். ஒரு பாய்மரப் படகை அன்றைக்கு முழுதும் வாடகைக்குப் பேசிக்கொண்டு, கடல் முகத்துவாரம் வரை போய் வருவது என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தது என் வீட்டுக்காரர். தங்கச்சி கடலைப் பார்த்ததில்லை என்று அவர் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நானும்தான் பார்த்ததில்லை. என்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

வண்டியில் என் பெட்டியும் வந்தது. சாயங்காலம் என் நைனா கரைக்கு வந்து, தலைத் தீபாவளிக்கென்று என்னை அழைத்துப் போவதாகப் பேச்சு. தீபாவளி முடிந்தும் நான் திரும்பி வரப்போவதில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு மாதத்தில் என் வீட்டுக்காரர் பகலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியவர்கள் எதிரில் பெண்டாட்டியோடு பேசக் கூடாது என்பது வழக்கம். எங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, அதுகூட என் பக்கம் திரும்பாது. வேண்டாத இடத்தில் உட்கார்ந்து சோறு தின்ன நான் பிறக்கவில்லை. என் நல்ல புடவைகளை எல்லாம் மடித்து வைத்துவிட்டேன்.

முந்தின நாளே வண்டி கட்டி, சத்திரத்தில் படுத்து, காலையில் கரைக்கு வந்தோம். இறங்கும்போது தண்ணீர் நிரப்பியிருந்த பித்தளைத் தவலையை எடுத்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏண்டி, ஏரிக்குப் போறவ தண்ணி தூக்கினு போவாளா? சிரிக்கப் போறாங்க, வையி."

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. எங்கள் பக்கத்து ஏரிகளில் குனிந்து அள்ளினால் குடிக்கிற தண்ணீர். தவலையை வண்டியிலேயே வைத்தேன். புளிச்சோற்றுத் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை என்பதால் மாமியார் விடியற்காலையிலேயே திருமலை இருக்கிற திக்கைப் பார்த்துப் பெருமாளுக்குப் படைத்து, ஒரு கொத்துத் துளசியை அந்தச் சோற்றின்மேல் வைத்திருந்தார்.

படகுக்காரர் நடுவயசு ஆள். எங்களைச் சுமை பார்ப்பது போல ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"பெரியம்மா இந்தப் பக்கம் குந்துங்க. பெரியவரு அந்தப் பக்கம். இந்த ரெண்டு ஒல்லிக்குச்சியும் ஒரே பலகையில குந்தட்டும்."

ஒல்லிக்குச்சிகள் என்றது என்னையும் என் வீட்டுக்காரரையும். பெரியவர்கள் எதிரில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது கல்யாண மணைக்குப் பிறகு அன்றைக்குத்தான். அவர் தண்ணீரைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எந்த ஊருங்க?" என்றார் படகுக்காரர்.

"ஆந்திரா," என்றார் மாமனார், பெருமையும் கேலியுமாக. "வெளிதேசத்துக்கு வந்துகீறோம். மரியாதையா இட்டுகினு போ."

நிலத்திலிருந்து அடித்த காற்றில் படகு நன்றாகவே போனது. வெயில் ஏறியதும் காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கியது. ஆழமான இடம், கழி எட்டவில்லை. "கடக்காத்து கெளம்பணும். அதுவரிக்கும் சோறு துன்னுங்க," என்றார் படகுக்காரர்.

துளசியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு பரிமாறினேன். உப்பும் காரமும் தூக்கலான சோறு. நாத்தனார்தான் முதலில் கை நீட்டி ஏரியில் அள்ளிக் குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள்.

"அம்மா, உப்பு! கரிக்குது!"

எல்லோரும் மாமியாரைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

"கடலு உள்ள வர்ற ஏரிங்க இது," என்றார் படகுக்காரர். "ஒங்க புது கெவுருமெண்டு இதெல்லாம் சொல்லி அனுப்பலியா?" அவரிடம் ஒரு சின்ன மண்பானை இருந்தது. அவருக்கென்று வைத்துக்கொண்ட தண்ணீர். "ஆளுக்கு ஒரு தம்ளர் வரும். குடிங்க."

"நான் தொடமாட்டேன்," என்றார் மாமியார். "பெரட்டாசி மாசம். கவிச்சி வாடை அடிக்கிது அந்தப் பானை."

"ஏரியே கவிச்சிதான் பெரியம்மா. அதுமேலதான் குந்திகினு கீறீங்க."

முதல் தம்ளர் மாமனாருக்குப் போனது. இரண்டாவது என் வீட்டுக்காரருக்கு. மருமகள் கடைசி, அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் தம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி நீட்டினார்.

"நீ குடி."

பட்டப்பகல். அப்பா எதிரில், அம்மா எதிரில்.

"ஏண்டா," என்றார் மாமியார், "தண்ணிமேல வந்ததும் மரியாதை கரைஞ்சிபூட்ச்சா?"

"காலையிலேர்ந்து அது ஒரு வாய் தண்ணி குடிக்கலம்மா. சத்திரத்துல எல்லாருக்கும் மோந்து குடுத்துட்டு, அது சும்மாவே வண்டி ஏறிச்சி. நான் பாத்துகினுதானே கீறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் காணாத நேரமாகப் பார்த்து என்னைப் பார்த்திருக்கிறார். தம்ளரை வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தேன்.

குடித்து முடித்தபோது மாமியார் முகத்தைப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. விரதத்தை விடமாட்டார், நானாக இருந்தாலும் விடமாட்டேன். படகுக்காரரிடம் இன்னொரு தம்ளர் வாங்கினேன். மடியிலிருந்த துளசியில் ஓர் இலையைக் கிள்ளி அதில் போட்டேன்.

"பெருமாள் தீர்த்தம் அத்தை. வேணாம்னு சொல்லக்கூடாது."

அவர் என்னை முறைத்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, ஈரக் கையைக் கண்ணிலும் தலையிலும் ஒற்றிக்கொண்டார்.

"கோயிந்தா," என்றார் மெதுவாக. அப்புறம், "இன்னொரு வாட்டி தீர்த்தம் குடு."

படகுக்காரர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. நாத்தனாரும் குடித்தாள். படகுக்காரருக்கு ஒரு வாய் விட்டோம். பானை காலி. என் வீட்டுக்காரர் மட்டும் குடிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

கடற்காற்று கிளம்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. முகத்துவாரம் வரை போனால் இருட்டிவிடும் என்று படகுக்காரர் படகைத் திருப்பினார். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "அதான் கடலு," என்றார் படகுக்காரர். அவ்வளவுதான் பார்த்தோம். என் வீட்டுக்காரர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிறபடி, "ஒனக்கும் காட்டணும்னுதான் இட்டாந்தேன்," என்றார். அவர் குரல் கட்டியிருந்தது, தாகத்தில்.

கரையில் நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரைத் தாண்டி நேராக வண்டிக்குப் போனேன். தவலையை எடுத்து வந்து, எல்லோர் எதிரிலும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடித்துத் தாகம் தீரும் வரை நின்று பார்த்தேன்.

நைனா என் பெட்டியில் கை வைத்தார். "போலாமாம்மா?"

"அது வண்டியிலயே கெடக்கட்டும் நைனா. தீபாவளிக்கு நாங்க ரெண்டு பேருமா வரோம்."

"பின்ன இம்மாந்தூரம் நான் எதுக்கு வந்தேன்?"

"என்னைப் பாக்கத்தான்," என்றேன். "பாத்துட்டே இல்ல?"

பார்த்தார். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தார். பிறகு பெட்டியை வண்டியின் உள்பக்கமாகத் தள்ளி, ஆடாதபடி வைக்கோலை அணைத்து வைத்தார்.