மூட்டையின் சூடு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் போகும் ஒரு கிராமத்துச் சாலையில் நடந்தது இது. அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகள். முதல் சனிக்கிழமை நான் விழுந்தேன், அடுத்த சனிக்கிழமைதான் எனக்கு வலித்தது.

எனக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. வருடக்கணக்கில் நாற்காலியைத் தேய்த்ததில் சர்க்கரை எட்டிப் பார்க்க, டாக்டர் சொன்னாரே என்று சைக்கிள் வாங்கினேன். வாங்கியதும் பைத்தியமே பிடித்துவிட்டது. சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், அங்கிருந்து ஏரிக்கரைகளை ஒட்டியே பாலாறு, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு டீ, பிறகு மகாபலிபுரம் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே வீடு. ஓர் ஏரி முடிந்தால் இன்னோர் ஏரி வரும். மூச்சு வாங்க வைக்கும் மேடு என்று ஒன்றும் கிடையாது.

அந்தப் பாதையில் எனக்கு ஒரு சொந்தமும் உண்டு. ஏரிக்குப் பக்கத்து மனைப்பிரிவில் கடன் போட்டு ஒரு மனை வாங்கியிருந்தேன். பெரிய நுழைவு வளைவு, பூட்டிய இரும்பு கேட், உள்ளே வழுவழுவென்று சிமென்ட் சாலைகள். வீடுதான் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவேன். கல் நட்டு வைத்த இடத்தில் ஒரு வாரத்தில் என்னதான் மாறிவிடும்? ஆனாலும் பார்ப்பேன்.

அந்த முதல் சனிக்கிழமை, ஏரி வளைவில் வேகமாகத் திரும்பினேன். சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டிக் காய வைத்திருந்தார்கள். மெல்லிய டயர் நெல்மேல் ஏறியது மட்டும்தான் தெரியும், அடுத்த நொடி நான் கீழே கிடந்தேன். முழங்கால் தோல் உரிந்து எரிந்தது. அதைவிட, புது சைக்கிளில் விழுந்த கீறல்தான் என்னைக் கொதிக்க வைத்தது. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று என் மனைவி என்னை வைத்துக்கொண்டே சொல்வாள். திட்டலாம் என்று பார்த்தால் அக்கம்பக்கத்தில் ஓர் ஆளைக் காணோம். நீலக் கையுறை போட்ட கையில் ஒரு பிடி நெல்லை அள்ளி, பின்னால் சைக்கிள் விழுந்து கிடப்பது தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். அங்கேயே நின்று, போனிலேயே மாவட்ட அதிகாரிகளுக்குப் புகார் எழுதி அனுப்பினேன். சைக்கிள் நண்பர்கள் குரூப்பிலும் போட்டேன். 'சூப்பர் ப்ரோ' என்று வந்து குவிந்தது.

புதன்கிழமை எனக்குப் பதில் வந்தது. நடவடிக்கை எடுத்தாயிற்று என்று சொல்லி, சுத்தமான சாலையின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். அதை மனைவியிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அதே சாலையில் ராஜா மாதிரி போனேன். ஒரு மணி நெல் இல்லை. ஆனால் ஊரைத் தாண்டியதும் டயர் பஞ்சர். கையில் இருந்த ஒரே ஸ்பேர் டியூபை மாற்றி அரை கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் பஞ்சர். முந்தின இரண்டு இரவும் மழை, அன்று காலையில் நல்ல வெயில். தள்ளிக்கொண்டே எவ்வளவு தூரம் போவது? கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். குட்டி யானை என்போமே, அந்தச் சின்ன லாரி ஒன்று நெல் மூட்டைகளோடு வந்து நின்றது. ஓட்டியவருக்கு என் வயதிருக்கும். பின்னால் மூட்டைகளைப் பிடித்தபடி அவர் மனைவி.

"இன்னா சார், பஞ்சரா? சைக்கிள தூக்கி மேல போடு. பஸ் ஸ்டாப்பாண்ட வுட்டுர்றோம்" என்றார் அந்த அம்மா. என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மூட்ட மேல ஒக்காந்துக்கோ."

முன்னால் டிரைவர் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. உதவி செய்கிறவர்களிடம் போய் இடம் கேட்டு அடம் பிடிப்பதா? ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடியில் சுட்டது. வெயில் சூடு என்றுதான் நினைத்தேன். போகப் போக, இட்லிப் பானை மூடிமேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. புளித்த வாடை வேறு.

"இன்னாம்மா, மூட்டை இப்படிச் சுடுது?"

"ஈர நெல்லு சார். மூட்டைக்குள்ள கெடந்தா சூடாயிடும். திங்கக்கெழம அறுத்தோம், மறுநாளு ரோட்ல போட்டோம். சாயங்காலமே ஆபீசுக்காரங்க வந்து எடுங்கன்னுட்டாங்க. அள்ளி தார்ப்பாய் போட்டு மூடி வெச்சோம், மழ வுடல. இப்ப கொள்முதல் எடத்துக்குப் போனா, ஈரம் கூட கீதுன்னு திருப்பி அனுப்ச்சிட்டாங்க." அவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். நாலைந்து நெல்லில் நுனி வெள்ளையாக எட்டிப் பார்த்தது. "மொளப்பு வெக்குது பாரு. இன்னிக்குக் காயலன்னா மாட்டுக்குத்தான். மூணு மாசத்துப் பாடு சார்."

"ரோட்டில் போட்டது எதற்கு? களம் இல்லையா?"

"இருந்திச்சி. அத்தெல்லாம் பிளாட்டுக்குள்ள பூட்ச்சி. எவனோ சைக்கிள்காரன் வழுக்கி வுழுந்துட்டு போட்டோ புட்ச்சி அனுப்ச்சிக்கிறான். தோ பாரு."

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நீலக் கையுறை, ஒரு பிடி நெல், பின்னால் என் சைக்கிள். ஊர் குரூப் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என் போட்டோ! அதே கையுறையோடு நான் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையுறைகளை மெதுவாகக் கழற்றி முதுகுப் பையில் திணித்தேன். அடியில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது, சத்தியமாகத் தைரியம் இல்லை.

அப்போதுதான் அந்த நுழைவு வளைவு கண்ணில் பட்டது. என் மனைப்பிரிவு. இரும்பு கேட்டுக்குப் பின்னால் அத்தனை சிமென்ட் சாலைகளும் வெயிலில் சும்மா காய்ந்துகொண்டிருந்தன.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

நெல்லை உள்ளே காயப் போட விடச் சொல்லி கேட் வாட்ச்மேனிடம் கேட்டேன். அவருக்கு என்னைத் தெரியும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "மத்த ஓனருங்க யார்னா கேட்டா இன்னா சார் சொல்றது?"

"நானும் ஓனர்தான். என் மனைக்கு முன்னால் போடச் சொன்னேன் என்று சொல்லுங்கள்." வாங்கிய நாளிலிருந்து அந்த மனையால் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அது.

மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டியபோது நெல்லிலிருந்து ஆவி வந்தது. மெல்லிசாகப் பரப்பினோம். அடிநெல் மேலே வரும்படி அடிக்கடி காலால் கிளறிவிட வேண்டுமாம். நானும் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முதலில் கால் வெந்தது, பிறகு பழகிவிட்டது. வர சாயங்காலம் ஆகும் என்று மனைவிக்குப் போன் செய்தேன்.

இரண்டு மணி இருக்கும். என் போனில் மனை உரிமையாளர்கள் குரூப். யாரோ இடம் பார்க்க வந்தவர் தூரத்திலிருந்தே ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். 'நம்ம லேஅவுட்டுக்குள்ளே நெல்லா? யார் விட்டது?' படத்தில், பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு நான்! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். 'நான்தான் விட்டேன், சாயங்காலம் சுத்தமாகப் பெருக்கித் தருகிறேன்' என்று பதில் போட்டேன்.

அந்தச் சிரிப்பிலேயே தைரியம் வந்திருக்க வேண்டும். அந்த அம்மா எனக்கு முன்னால் நெல்லில் காலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். பின்னாலேயே போய்ச் சொன்னேன். "அம்மா, அந்த போட்டோ நான் எடுத்தது. புகார் கொடுத்ததும் நான்தான். மன்னிச்சிடுங்க."

அவர் திரும்பவில்லை, காலும் நிற்கவில்லை.

"தெரியும் சார். ரோட்ல நின்னப்பவே உன் கைய பாத்துட்டேன். முன்னால சீட்டு காலியாத்தான் இருந்திச்சி. வாயால சொன்னா சண்டையா பூடும். அதான் மூட்ட மேல ஒக்கார வெச்சேன்."

அவர் இழுத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே நானும் காலை இழுத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனபின் அவரே, "முட்டி ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

நெல் முழுதாகத் தப்பவில்லை. கொஞ்சம் முளைத்ததைப் பிரித்துப் போட்டார்கள், மற்றது மறுநாளும் காய்ந்து விலைக்குப் போனது. சாலையில் நெல் கொட்டுவது சரி என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். விழுந்தவன் நான், ஒரு லாரி பின்னால் வந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. ஆனால் அறுப்புக் காலத்தில் அந்த கேட் இப்போது பகலெல்லாம் திறந்திருக்கிறது, குரூப்பில் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். எதையாவது பார்த்து ஆத்திரத்தோடு போனைத் தூக்கினால், என்னை மீறி அடியில் அந்த மூட்டை சுடுகிறது. போனை இறக்கிவிட்டு, ஏன் என்று கேட்பதற்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் தேடுகிறேன்.