ஓட்டுக்கு அடியில் அடைபட்ட சூடு

2024 பிப்ரவரி 6: பழைய ஓடு 1,600. ரூ. 24,000.
பிப்ரவரி 19: இரும்புச் சட்டம், கூலியுடன். ரூ. 1,42,500.
மார்ச் 4: முக்கோணச் சுவர் இரண்டும் அடைக்க. ரூ. 11,300.
ஏப்ரல் 1: அதே சுவர்களை உடைத்துத் திரும்பக் கட்ட, கம்பிவலை உட்பட. ரூ. 6,850.

நேமத்தில் ஞானையனின் வீடு காங்கிரீட் வீடு. மீன மாதத்து, அதாவது பங்குனி, வெயிலில் மொட்டை மாடி காய்ந்தால் விடியும்வரை கீழே அனல் இறங்கும். அவர் மனைவி எலிசாளுக்கு அது தாங்கவில்லை. ஏசி வைக்கச் சொன்னாள், அவர் இசையவில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கழக்கூட்டத்தில் மகள் சுஜாவின் ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள்.

"மீனத்துல உச்சைக்கு அந்தப் படுக்க முறியில கண்ணடைச்சு ஒறங்க முடிஞ்சா வாறேன். இல்லேன்னா நீங்களே இருந்துக்கிடுங்க."

ஞானையன் விழிஞ்ஞத்தில் ஓர் ஐஸ் ஆலையில் முப்பது வருடம் இயந்திரம் ஓட்டியவர். உள்ளே குளிர்ந்தால் அந்தச் சூடு வெளியே இன்னொருவன் முகத்தில் அடிக்கும் என்பது அவருக்குக் கண்கூடு. அதே இயந்திரத்தின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. போனில் பேசினால் இருவரும் கத்த வேண்டும். அதனால் எலிசாள் எதுவானாலும் இன்லண்ட் கடிதத்தில்தான் எழுதுவாள்.

தெருவில் எல்லோரும் மாடிக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தார்கள். ஞானையன் ஓடு என்று முடிவு செய்தார். பழவங்காடியில் கடை கட்ட இடித்த வீட்டின் ஓடுகள், நூறு மழை பார்த்தவை, புதுச் சூளை எரிக்காமலே கிடைத்தன. சட்டம் அடிக்க வந்த பினு ஓட்டுச் சரிவுக்கு அடியில் இரு பக்க முக்கோண இடைவெளிகளையும் திறந்தே விடச் சொன்னான்.

"காத்து போகணும்லா மாமா."

"மரப்பட்டிக்கு வாடகைக்கு விடவாலே? அடை."

மரப்பட்டி என்கிற மரநாய் ஒரு சாக்குத்தான். ஐஸ் ஆலையில் விரற்கடை இடுக்கு கண்டாலும் அடைத்த கை அது. சிமெண்ட் பூசி முடித்ததும் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

மார்ச் 24 அன்று, அவர் அழைத்ததால், எலிசாள் வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தாள். அவர் வாசலில் காத்திருந்தார். சற்று நேரத்தில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பெட்டி நல்லா கெட்டியிருக்கிய. ஐஸ் எங்க?"

சாயா கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஞானையன் ஏணி வைத்து ஓட்டுக்கு அடியில் நுழைந்தார். அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அறைந்தது. அந்த அனல் அவருக்குப் பழக்கமானது. ஆலையின் இயந்திர அறையில் முப்பது வருடம் தின்ற அனல். ஆனால் அந்த அறையின் இரண்டு ஜன்னல்களையும் யாரும் ஒருநாளும் அடைத்ததில்லை. அடைக்க வேண்டியது குளிர் அறையை. அவர் அடைத்திருந்தது இயந்திர அறையை. இறங்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. இது சரியாகிவிடும் என்று தெரிந்துவிட்டது.

பினு சம்மட்டியோடு வந்தான். "அன்னைக்கே சொன்னேம்லா!"

"எனக்குக் காது கேக்காதுன்னு ஒனக்குத் தெரியாதாலே? ஒடை."

உடைத்த செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டினார்கள். மரப்பட்டிக்குக் கம்பிவலை. மாடித் தரைக்கு ஞானையனே சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் உச்சிவேளையில் ஏணியில் ஏறி, வலையில் கையை வைத்தார். ஒரு பக்கம் காற்று நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்த முறை எலிசாளை அவர் அழைக்கவில்லை.

சித்திரை பிறந்த விஷுவன்று சுஜா வந்தாள். மதியம் படுத்தவளைச் சாயாவுக்கு எழுப்ப வேண்டியிருந்தது.

"அப்பா, ஃபேன் போட மறந்தே போச்சு," என்றாள்.

எலிசாளின் இன்லண்டில் நான்கே வரிகள் இருந்தன. "சுஜா சொன்னாள். மீனம் முடிந்து மேட மாதம் பிறந்துவிட்டது, பரவாயில்லை. சனிக்கிழமை வருகிறேன், பாயை வெயிலில் போடுங்கள். இனி எழுத மாட்டேன், நேரில் கத்திக்கொள்ளலாம்." அது வந்து சேர்ந்தது 2024 ஏப்ரல் 18.