இருபத்துமூன்று காட்டிய கெமரா

பழைய பிலிம் கெமராவை வாங்கி, ஆள் பிடித்துத் திருத்தி, விற்கிற தொழிலில் கெமரா பழுதாவது சின்னப் பிரச்சினை. அது திருத்துகிறவர் கையில் கிடக்கிற நாட்களில் நாம் பழுதாவதுதான் பெரிய பிரச்சினை. இதை வாசிக்கிற நீங்களும் எதையோ யாரிடமோ திருத்தக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வந்து பாருங்க" என்ற பேச்சைக் கேட்டு வீடு திரும்பியவர்கள்தானே. உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

முதலில் மூடியைத் திற

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பழைய இரும்பு, பிறகு பழைய ரேடியோ, இப்போது கெமரா. செங்கலடிச் சந்தியில் ஒரு சின்னக் கடை. வந்த புதிதில் பளபளவென்று ஒரு கெமராவை வாங்கி ஏமாந்தேன். வீட்டில் வந்து பின்மூடியைத் திறந்தால், வெளிச்சம் புகாமல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு தார் போல உருகிக் கிடந்தது. லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். எங்கள் வாவிக் காற்றின் ஈரம் எந்தக் கண்ணாடியையும் விட்டுவைப்பதில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எவன் கெமரா நீட்டினாலும் முதல் வேலையாகப் பின்மூடியைத் திறப்பேன், தலையைச் சரிப்பேன், நாக்கால் ஒரு "ச்சு" கொட்டுவேன். விலை தானாக இறங்கும். காத்தான்குடியில் ஒரு வியாபாரியின் கையிலிருந்து வாங்கி அப்படித் திறந்தபோது அவர் சிரிக்காமலே சொன்னார்: "தம்பி, நான் சொன்ன சலாத்துக்குப் பதில் சொல்லிப்போட்டும் திறக்கலாம், கெமரா ஓடாது."

விற்க வராதவர்

போன வருஷக் கடைசியில் பழுகாமத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு கெமராவை எடுத்து என் மேசையில் வைத்தார். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் கேட்கவில்லை. கை தன் பாட்டில் போய்ப் பின்மூடியைத் திறந்துவிட்டது. நடுப்பகல், சந்தி வெயில். உள்ளே மண்ணிறத்தில் பிலிம் கிடந்தது.

ஒரு செக்கன்தான். 'டப்' என்று மூடினேன். டீச்சர் அந்த நேரம் பைக்குள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், நான் திறந்ததைக் காணவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். விற்க இல்லை, திருத்த. பொத்தான் இறுகிப்போய்விட்டது. கெமரா அவருடைய கணவருடையது. ஊரில் எல்லோரையும் படம் பிடித்த மனுசன், தன்னை ஒருவரும் பிடிக்க விட்டதில்லை. செத்த வீட்டுக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்து வைத்தார்களாம். பத்து வருஷத்துக்கு முன் ஒரு நாள், தோணியில் வைத்து, டீச்சர் கெமராவைப் பறித்து அவரைப் படம் எடுத்திருக்கிறார். அந்தப் பிலிம் கழுவப்படாமல் உள்ளேயே கிடக்கிறது. மாசியில் ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருஷம். அதற்குள் ஒரு படமாவது வேண்டும்.

மூடியைத் திறந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. டீச்சர் கெமராவின் மேலிருந்த சின்னச் சாளரத்தை எனக்குக் காட்டினார். எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் இலக்கம் அது. "பாருங்க தம்பி, இருபத்துமூண்டு காட்டுது. இருபத்துமூண்டும் அவர்தான்."

ஏறாவூர்க் காக்கா

இந்தப் பக்கத்தில் இப்படிக் கெமராவைத் திறந்து பூட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். ஏறாவூரில் ரஹீம் காக்கா. முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறையில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மணிக்கூடு திருத்தியவர், வெளிநாட்டில் ஒரு கெமராக் கடையில் பல வருஷம் இருந்தவர். விலை பேச விடமாட்டார், திகதி சொல்லமாட்டார். அன்று பின்னேரமே கொண்டுபோனேன். கெமராவைத் தொட முதல் இரண்டு கேள்வி கேட்பார். உள்ளே பிலிம் இருக்கா? இருக்கு என்றேன். மூடியைத் திறந்தீங்களா? இல்லை என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கெமராவைத் துணியில் சுற்றித் தட்டில் வைத்தார்.

ஒரு கிழமை, இரண்டு கிழமை. டீச்சர் இரண்டு நாளைக்கு ஒரு தரம் போன் எடுத்து, "அவசரமில்ல தம்பி" என்பார். அந்தச் சொல்தான் என்னைக் கொன்றது. ஒவ்வொரு தரமும் நான் உடனே காக்காவுக்குப் போன் எடுத்துச் சத்தம் போடுவேன். உண்மையில் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிலிமை வெளியே எடுத்துவிடுவாரோ என்ற பயம். மூன்றாம் கிழமை நேரிலேயே போய்க் கத்தினேன். தட்டில் டீச்சரின் கெமரா இருந்த இடத்திலேயே இருந்தது, முன்னால் நாலு கெமரா. காக்கா பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "நீங்க ஏசுற ஒவ்வொரு ஏச்சுக்கும் ஒரு கெமரா உங்களுக்கு முன்னுக்குப் போகும் மகன்."

ஒரு பொதுவான கேள்வி

வந்தாறுமூலைக் கெம்பசில் படிக்கிற ஒரு பொடியன் என்னிடம் கெமரா வாங்கியவன். பிலிமைத் தானே கழுவுவான். அவன் ஒரு நாள் கடைக்கு வந்தபோது, பத்திரிகை வாசிப்பதுபோல வைத்துக்கொண்டு கேட்டேன். பாதி எடுத்த பிலிம் இருக்கும்போது ஒருவன் பின்மூடியை ஒரேயொரு செக்கன் திறந்தால் என்ன நடக்கும்?

எடுத்த படமெல்லாம் மற்றப் பக்கத்துச் சுருளில் சுற்றிக் கிடக்கும், வெளிச்சம் நேரே அதில்தான் படும், மேல் சுற்றெல்லாம் போய்விடும், அடிச் சுற்றில் ஒன்றிரண்டு தப்பினால் புண்ணியம் என்றான். நான் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினேன். அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அவன் போகிறபோது வாசலில் நின்று கேட்டான்: "அண்ணன், யார்ர கெமராவைத் திறந்த நீங்க?"

கறுப்புப் பை

தை மாதக் கடைசியில் காக்கா கூப்பிட்டார். நித்திரையில்லாமல் போய் நின்றேன். இரண்டு கை நுழைக்கிற கறுப்புத் துணிப்பை ஒன்று வைத்திருப்பார். கெமராவை அதற்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பிலிமை எடுப்பார். இனி மறைக்க ஏலாது என்று பட்டது. "காக்கா, நான் திறந்த நான்" என்றேன். அவர் தலையாட்டினார், கை நிற்கவில்லை.

பிறகு கை நின்றது. பையைத் திறந்து பிலிம் உருளையை வெளியே எடுத்து வெளிச்சத்திலேயே மேசையில் வைத்தார். வெளிச்சம் படாமல் பொத்த நான் கையை நீட்டினேன். ஆனால் உருளையிலிருந்து ஒரு விரல் நீளம் மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கடையில் வாங்கும்போது இருக்கிற மாதிரியே. போட்ட அன்றைக்கே பிலிமின் நுனி சுருளில் கொழுவவில்லை, நழுவிவிட்டது. இலக்கம் பிலிமை இழுக்கிற நெம்புகோலோடு ஓடும், பிலிம் ஓடாவிட்டாலும் ஓடும். இருபத்துமூன்று தரமும் பிலிம் அசையவேயில்லை. பிலிம் ஓடுகிறதென்றால் மேலே இடப்பக்கக் குமிழ் சேர்ந்து சுற்றவேண்டும்; அதை யாரும் பார்க்கவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். நான் தப்பினேன். ஒரு படமும் இல்லை, ஆகவே ஒரு படத்தையும் நான் கெடுக்கவில்லை. உருளையைச் சாட்சியாகச் சட்டைப் பையில் போட்டேன். காக்கா கை துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க திறந்தது அண்டைக்கே தெரியும், உருகின பஞ்சு உங்கட விரல்ல இருந்தது, போய் உள்ளதைச் சொல்லுங்க."

பழுகாமம்

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் போகிற வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். பிலிமைப் பிழையாகப் போட்டவர் யாரோ, பழி என்னுடையதில்லை. வீட்டில் அடையாள அட்டைப் படத்துக்கு மாலை போட்டிருந்தது. டீச்சர் தேத்தண்ணி தந்துவிட்டு, நான் வாயைத் திறக்க முதல் அவரே தொடங்கினார்.

அன்றைக்குத் தோணியில் பிலிமைப் போட்டது டீச்சர்தானாம். குமிழ் சுற்றுதா பார், குமிழ் சுற்றுதா பார் என்று மனுசன் மூன்று தரம் கேட்டாராம். எனக்குத் தெரியாதா, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று இவர் ஏசி, தோணியிலேயே சண்டை. பார்க்கவில்லை. கரைக்கு வந்த பிறகுதான் சந்தேகம் பிடித்தது. கழுவக் கொடுத்தால் தெரிந்துவிடும் என்ற பயத்தில், பொத்தான் இறுகியதைச் சாட்டாக வைத்து அலுமாரியில் பூட்டிவிட்டார். மனுசன் இருக்கும் வரை அந்தப் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். சொல்லி முடித்துவிட்டு, திருத்திய கெமராவைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சட்டைப் பையில் உருளை நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர், நீங்க கடைக்கு வந்த அண்டைக்கு நான் தெரியாமல் மூடியைத் திறந்துபோட்டன். வெயில் பட்டு எல்லாம் போச்சு. காக்கா எறிஞ்சிட்டார்" என்றேன்.

அவர் உடனே ஏசவில்லை. திறந்தபோது பிலிம் மற்றப் பக்கம் சுற்றியா கிடந்தது என்று கேட்டார். ஓம், தடிப்பாகச் சுற்றிக் கிடந்தது என்றேன். அதற்குப் பிறகு ஏசினார். என் வாழ்க்கையில் வாங்கிய ஏச்சிலேயே நீளமானது அது, நான் ஒரு சொல்லும் திருப்பிப் பேசவில்லை. கடைசியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, மாலை போட்ட படத்தின் பக்கம் திரும்பி அவரிடமே சொன்னார்: "கேட்டீங்களா, நான் ஒழுங்காத்தான் போட்டிருக்கன்."

இத்தனை வருஷ வியாபாரத்தில், ஒரு வார்த்தை பேரம் பேசாமல், பின்மூடியைத் திறந்து குறை பார்க்காமல், சொன்னபடியே நான் வாங்கிக்கொண்டு வந்தது அந்தப் பழி ஒன்றைத்தான்.