சேர்மனுக்குக் குரல் கொடுத்தவன்

டப்பிங் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: என்ன அக்கிரமம் செய்தாலும் முகம் வெளியே தெரியாது.

நீங்களும் தினம் ஏதோ ஒரு பதிவு செய்த குரலுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறீர்கள். ஒன்றை அழுத்தச் சொன்னால் அழுத்துகிறீர்கள், காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிறீர்கள். அந்தக் குரலை மனசாரத் திட்டியும் இருப்பீர்கள். திட்டுங்கள் சக கஷ்டவாளிகளே, தப்பேயில்லை. ஆனால் அந்தப் பக்கம் இருக்கிறவனும் பயந்துபோய்த்தான் இருக்கிறான். அதைச் சொல்லத்தான் இதெல்லாம்.

சம்பந்தியிடம் பேசுவது போல

ரொம்ப வருஷம் அடியாட்களுக்குத்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். "டேய்!" என்று ஆரம்பித்து "ஆ!" என்று முடிகிற வேஷங்கள். அப்புறம்தான் அந்த ஜப்பான் அனிமேஷன் தொடர் வந்தது. எதிர்காலத்து நகரம், ஓயாத மழை, கலர் கலராக விளக்குகள். ஊரே ஒரு கம்பெனிக்குச் சொந்தம். வேலைக்குச் சேர்ந்தால் இயந்திரக் கை பொருத்துவார்கள், வேலை போனால் அந்தக் கை நின்றுவிடும். யார் கை நிற்கவேண்டும் என்று முடிவு செய்கிறவர் கம்பெனியின் சேர்மன். அவருக்குத்தான் என் குரல்.

முதல் நாள் பழக்கதோஷத்தில் உறுமினேன். டப்பிங் இயக்குநர் மோகனா மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். "கத்துறவனைப் பார்த்து எவன் பயப்படுறான்? பொண்ணு பார்க்க வந்த சம்பந்திகிட்ட பேசுற மாதிரிப் பேசுங்க" என்றார். குரலை இறக்கி, உதட்டோரம் லேசாகச் சிரித்துக்கொண்டு, "உங்கள் உழைப்புக்கு நன்றி. நீங்கள் போகலாம்" என்றேன். திரையில் ஒரு கிழவனின் கை அப்படியே தொங்கிப்போனது. ஒலிப்பதிவு செய்கிறவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நாளைக்கு மேடம்கிட்ட லீவு கேட்டிருந்தேன். வேணாம்ண்ணே, வந்துடறேன்."

ஜன்னலோரம்

சேர்மனின் குரலைச் சட்டை மாதிரி கழற்றி ஸ்டுடியோவிலேயே மாட்டிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். நடக்கவில்லை. எனக்கு வீடு மணவாள நகரில். திருவள்ளூரில் ரயில் ஏறும்போது, முன்னாடியே ஏறிய கடம்பத்தூர்க்காரர்கள் ஜன்னலையெல்லாம் பிடித்திருப்பார்கள். ஒரு காலையில் இடுப்பு வலி தாங்கவில்லை. மூன்று பேர் சீட்டில் பையையும் சேர்த்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மனுஷன் கையிலிருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். அதில் ஓடிக்கொண்டிருந்தது நம்ம தொடர்தான். அவர் முகத்தில் பயம் ஓடியது. நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், சத்தியமாக. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார்: "இன்னா சார், நவுரச் சொல்றியா, என் சோலிய முடிக்கறேன்னு சொல்றியா? இந்தா, நீயே குந்து."

பிறந்தநாள் வாழ்த்து

என் மனைவி செல்வி தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். கார்களுக்கு வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கிற வேலை. விதி பாருங்கள், அதே தொழிற்சாலையிலிருந்து ஸ்டுடியோவுக்கு ஆள் வந்தது. ஹாலில் ஒலிபெருக்கி வைக்கிறார்களாம், அறிவிப்புகளுக்கு அந்தச் சேர்மன் குரல்தான் வேண்டுமாம். செல்வியிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "நான் உன் பொண்டாட்டின்னு அங்க மூச்சு உடாதே. எனக்கு ஆபீஸோட தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சா ஒருத்தியும் என்கூட குந்தி சாப்புட மாட்டா" என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதற்கு என்று எல்லாப் பெண்களின் பெயரையும் தனித்தனியாகப் படிக்கச் சொன்னார்கள். வாழ்த்து, நன்றி, அறைக்கு வரவும் என்று வாக்கியங்களைத் தனியாகப் படித்துக் கொடுத்துவிட்டால், எந்தப் பெயரை எதோடு வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். கடைசியாகத் தீ விபத்துக்கு ஒரு வாக்கியம்: "அன்பான பணியாளர்களே, வேலையை நிறுத்திவிட்டு அமைதியாக வெளியே வரவும்." கொஞ்சம் அவசரமாகச் சொன்னேன். கூடாது என்றார்கள். சைரன் வைத்தாலே பதறுகிறார்கள் என்றுதான் குரல் வைக்கிறோம், சேர்மன் மாதிரியே சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெச்.ஆர். அதிகாரி திருப்பிக் கூப்பிட்டார்: "செல்வின்ற பேரை மட்டும் ஒருவாட்டி திருப்பிச் சொல்லிடுங்க சார், கொஞ்சம் பாசமா வந்துடுச்சி."

ரேவதி

முதலில் வாழ்த்துத்தான் போட்டார்கள். யார் பெயர் வந்தாலும் மற்றவர்கள் கை தட்டுவார்களாம், மதியம் கேசரி வருமாம். செல்வி பிறந்தநாளுக்கும் நான் சேர்மனாக வாழ்த்தினேன். அவள் தலை நிமிராமல் வயரைக் கட்டிக்கொண்டே இருந்தாளாம்.

அப்புறம் ஆர்டர் குறைந்தது. செல்விக்குப் பக்கத்து நாற்காலி ரேவதிக்கு. கும்மிடிப்பூண்டிப் பெண், எப்போதும் வளவளவென்று பேசுகிறவள். ஒரு நாள் ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது: "ரேவதி. உங்கள் உழைப்புக்கு நன்றி. ஹெச்.ஆர். அறைக்கு வரவும்." போனவள் திரும்பவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பின்பக்க கேட் வழியாக அனுப்பிவிட்டார்கள். நான் அந்த அதிகாரிக்குப் போன் செய்து, பெயர்களை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். குரலுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களே சார் என்றார், ரொம்ப மரியாதையாக. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த பெயர் செல்வியாக இருந்தால்? என் பெண்டாட்டியை நானே கூப்பிட்டு வெளியே அனுப்பப் போகிறேனா? வீட்டில் அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டேன். சொன்னால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ரேவதி போன அன்று சாயங்காலம் பையை வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவ பேரக் கேட்டதும் பொறந்த நாளுன்னு நெனச்சிக்கினு நாங்க எல்லாம் கை தட்னோம்யா."

அமைதியாக வெளியே வரவும்

டப்பிங் அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. அன்று வெளியே வந்து எடுத்தால் திரை முழுக்கச் செல்வியின் மிஸ்டு கால். திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இன்னொரு முறை அடித்தேன், எடுத்தாள். இருமல்தான் கேட்டது.

நடந்தது இது. ஹாலுக்குப் பின்னால் பெயின்ட் ஷெட்டில், பெயின்டைக் கரைக்கிற தின்னர் தீப்பிடித்திருக்கிறது. கதவெல்லாம் சாத்திய ஏசி ஹாலுக்குள் வாடைகூட வரவில்லை. என் குரல் மட்டும் வந்தது: "அன்பான பணியாளர்களே, வேலையை நிறுத்திவிட்டு அமைதியாக வெளியே வரவும்." ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ரேவதியைக் கூப்பிட்ட குரல் அது. மொத்த லைனையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வெளியே போனால் கேட் மறுபடி திறக்காது என்று மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி என் குரல். மறுபடி யாரும் அசையவில்லை. அந்த வாக்கியம் தீக்கு மட்டும்தான் என்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும், பதிவு செய்த அன்றே நான் வீட்டில் சொல்லிக் காட்டியிருந்ததால்.

செல்வி யோசித்தாளாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். சொல்லாவிட்டால்? நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறாள்: "ஏய், எழுந்து ஓடுங்கடி! நெருப்புடி! அது என் ஊட்டுக்காரு குரலு, நெருப்புக்குன்னு பேசினதுடி அது!" அதற்குள் கதவு இடுக்கில் புகை வந்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேட் பக்கத்தில் வெயிலில் நின்றார்களாம். செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். மேரி என்று ஒரு பெண், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள், தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாளாம். தடவிக்கொண்டிருந்த கை திடீரென்று நின்றதாம். செல்வியின் முகத்தைப் பார்த்து மேரி கேட்டாளாம்: "அப்போ அன்னிக்கு ரேவதிய கூப்ட்டதும் உங்க ஊட்டுக்காருதானாக்கா?"

தொடரின் கடைசிப் பாகத்தில் சேர்மனைக் கொன்றுவிட்டார்கள் சக கஷ்டவாளிகளே, தேர்வாய் கண்டிகையில் மட்டும் அவர் செல்வியின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு இன்னும் மூன்று ஷிப்டும் வேலை பார்க்கிறார்.